மூன்று சக்கரங்களும் இரண்டு பேரும்

உலகின் முதல் மோட்டார் வாகனத்துக்கான சான்றாகக் கருதப்படும் காகிதம் ஒன்று உண்டு. 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் தேதியிலிருந்து செல்லுபடியாகும் ஜெர்மன் காப்புரிமை அது. எண் 37435. 'வாயு எந்திரத்தால் இயங்கும் வாகனம்' என்பது தலைப்பு. 2011இல் யுனெஸ்கோ இதை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. அதன் தலைப்பகுதியில் மான்ஹைம் நகரத்து 'பென்ஸ்' நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. பென்ஸ் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் கார்ல் பென்ஸ். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கியவர்கள் அப்போது இருவர். காப்புரிமைக்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அவ்விருவரும் எதைப் பணயம் வைத்தார்கள் என்று பார்த்தால், அந்தக் காகிதத்தை வேறு விதமாக வாசிக்க வேண்டியிருக்கிறது.

காப்புரிமையோடு இணைந்த வரைபடத்தை இன்று பார்ப்பவர்கள் அதைக் கார் என்று சொல்லத் தயங்குவார்கள். நம் ஆட்டோவைப் போல முன்னால் ஒற்றைச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரங்கள். எஃகுக் குழாய்களால் ஆன சட்டகம். கம்பி ஆரங்களும் கெட்டி ரப்பர் பட்டையும் கொண்ட சக்கரங்கள். இவை எல்லாமே அன்றைய சைக்கிள் தொழிலிலிருந்து வந்தவை. எந்திரம் இருக்கைக்குப் பின்னால் படுத்திருக்கிறது. சுருக்கமாக, மோட்டார் பொருத்திய முச்சக்கர சைக்கிள். மேற்கூரை இல்லை, கதவு இல்லை. இருப்பது ஒரே ஒரு இருக்கை. இருவர் அருகருகே அமரும்படியான பலகை.

*

பெர்த்தா ரிங்கர் 1849ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, பாடன் பெருங்கோமகப் பிரதேசத்தின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். தந்தை தச்சுத் தொழிலில் தொடங்கிக் கட்டடங்கள் கட்டிச் செல்வந்தரானவர். பெர்த்தா பிறந்த நாளில், இம்முறையும் பெண்தான் என்ற வருத்தத்தைக் குடும்ப பைபிளில் ஒரு வரியாகத் தந்தை குறித்து வைத்தார் என்றும், சிறுமி அதைப் பின்னாளில் படித்துவிட்டாள் என்றும் ஒரு கதை சொல்லப்படுகிறது. அந்தக் காலத்தின் மனநிலைக்குப் பொருந்தாத கதை அல்ல.

கார்ல் பென்ஸின் பின்னணி முற்றிலும் வேறு. 1844இல் பிறந்தவர். ரயில் எஞ்சின் ஓட்டுநரான தந்தையை இரண்டு வயதுக்குள் இழந்தவர். தாயின் உழைப்பில் வளர்ந்து, கார்ல்ஸ்ரூஹ பாலிடெக்னிக்கில் எந்திரவியல் படித்து 1864இல் வெளியேறினார். பிறகு பல ஊர்களில் பல வேலைகள். 1869 கோடையில் ஒரு சங்கத்தின் உல்லாசப் பயணத்தில் இருவரும் சந்தித்தார்கள்.

1871இல் கார்ல் மான்ஹைமில் ஆகஸ்ட் ரிட்டர் என்பவரைக் கூட்டாளியாகக் கொண்டு இரும்பு வார்ப்பும் எந்திரப் பட்டறையும் தொடங்கினார். கூட்டாளி நம்பத்தகாதவர் என்பது விரைவிலேயே தெரிந்தது. அவரை விலக்க வேண்டும் என்றால் அவர் பங்குக்குப் பணம் தர வேண்டும். கார்லிடம் பணம் இல்லை. பெர்த்தா தன் சீதனத்தைத் திருமணத்துக்கு முன்பே தரும்படி தந்தையிடம் கேட்டுப் பெற்று, அந்தப் பணத்தால் ரிட்டரை விலக்கினார். 1872ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி திருமணம்.

'திருமணத்துக்கு முன்பே' என்ற சொற்களில் சற்று நிற்க வேண்டும். பாடன் பிரதேசத்தின் உரிமையியல் சட்டம் நெப்போலியனின் சட்டத் தொகுப்பை அடியொற்றியது. அதன்படி மணமான பெண்ணின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை கணவனுக்கே. ஆக, பெர்த்தா தன் பணத்தைப் பற்றித் தானே ஒரு முடிவு எடுக்கக் கிடைத்த கடைசித் தருணம் மணமேடைக்கு முந்தையது. அதை அவர் ஒரு பட்டறையில் போட்டார். மோதிரம் மாற்றிய பிறகு அந்த முதலீடு சட்டத்தின் கண்ணில் அவருடையது அல்ல. நம் ஊரில் மனைவியின் நகையை அடகு வைத்துத் தொடங்கிய கடைகளின் பெயர்ப்பலகையில் யார் பெயர் இருந்தது என்று யோசித்தால், இந்த நிலைமையைப் புரிந்துகொள்ள நமக்குச் சட்டப் புத்தகம் தேவைப்படாது.

*

முதலீட்டுக்கான காலமும் நல்லதாக இல்லை. திருமணத்துக்கு அடுத்த வருடம், 1873 மே மாதத்தில், வியன்னா பங்குச் சந்தை சரிந்தது. ஜெர்மன் பேரரசு உருவானதை ஒட்டிப் பெருகியிருந்த கட்டுமானங்களும் தொழில்களும் நின்றுபோயின. கட்டுமானத்துக்கான இரும்பு வேலையை நம்பியிருந்த சிறு பட்டறைகள் தள்ளாடின. 1877இல் கடனைத் திருப்ப முடியாமல் பென்ஸ் பட்டறையின் கருவிகள் ஜப்திக்கு உள்ளாயின. அதே வருடத்தில்தான் மூன்றாவது குழந்தை கிளாரா பிறந்தாள்.

இந்த நெருக்கடியிலிருந்து மீள கார்ல் தேர்ந்தெடுத்த வழி வாயு எந்திரம். நான்கு வீச்சு எந்திரத்துக்கான காப்புரிமை நிக்கோலஸ் ஓட்டோவிடம் இருந்ததால், அதைத் தொடாமல் இரண்டு வீச்சு எந்திரம் ஒன்றைச் செய்ய முயன்றார். மாதக்கணக்கில் அது ஓடவில்லை. 1879ஆம் ஆண்டின் கடைசி இரவு. உணவு முடிந்ததும், பட்டறைக்குப் போய் இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்று சொன்னவர் பெர்த்தா. இதைக் கார்ல் பென்ஸே 1925இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். அன்று எந்திரம் ஓடியது. ஒரே சீராகத் தட்டும் அந்த ஓசையைக் கேட்டபடி இருவரும் நெடுநேரம் நின்றிருந்தார்கள். அப்போது நகரத்து மணிகள் புத்தாண்டுக்காக ஒலித்தன.

இந்தக் காட்சியின் அழகு அதை ஐயத்துக்கு உரியதாக்குகிறது என்று சிலர் சொல்லக்கூடும். நாற்பத்தைந்து வருடங்களுக்குப் பிறகு எழுதப்பட்ட நினைவு, ஓரளவு மெருகேறித்தான் இருக்கும். ஆனால் மெருகுக்கு அடியில் ஒரு தகவல் இருக்கிறது. ஆண்டின் கடைசி இரவில், மூன்று குழந்தைகள் உறங்கும் வீட்டிலிருந்து, கடனில் தத்தளிக்கும் பட்டறைக்குக் கணவனை அழைத்துச் செல்லும் மனைவி அந்த எந்திரத்தைத் தன்னுடையதாகவும் கருதியவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பின்னர் வந்தது கூட்டாளிகளோடான இழுபறி. 1882இல் பட்டறை பங்கு நிறுவனமாக மாற்றப்பட்டபோது கார்லின் பங்கு ஐந்து விழுக்காடாகச் சுருங்கியது. சொந்தப் பட்டறையில் சொல் செல்லாத நிலை. 1883இல் அதைவிட்டு வெளியேறி, மாக்ஸ் ரோஸ, ஃப்ரீட்ரிஹ் வில்ஹெல்ம் எஸ்லிங்கர் என்ற இருவருடன் 'பென்ஸ் அண்ட் கம்பெனி'யைத் தொடங்கினார். அவ்விருவரும் சைக்கிள் வியாபாரத்தோடு தொடர்புடையவர்கள். நிலையான வாயு எந்திரங்கள் நன்றாக விற்றன. அந்த வருமானத்தின் நிழலில் கார்ல் தன் நெடுநாள் எண்ணத்தைக் கையிலெடுத்தார்.

*

ஏன் மூன்று சக்கரம்? நான்கு சக்கரக் குதிரைவண்டிகள் சாலை முழுவதும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் குதிரைவண்டியைத் திருப்புவது குதிரை. அது முன் அச்சை முழுமையாகத் தன் பக்கம் இழுக்கிறது. குதிரையை நீக்கிவிட்டால் அந்த அச்சை ஒரு மனிதக் கை திருப்ப வேண்டும். திருப்பத்தின்போது உள்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வெவ்வேறு வட்டங்களில் செல்ல வேண்டும். இதற்குத் தனக்கு நிறைவளிக்கும் விடை கிடைக்காததால் கார்ல் பென்ஸ் சிக்கலையே தவிர்த்தார். முன்னால் ஒரே சக்கரம், அதைத் திருப்ப ஒரு செங்குத்துத் தண்டும் கைப்பிடியும். நான்கு சக்கரத்துக்கான விடையை 1893இல்தான் அவர் காப்புரிமையாகப் பதிவு செய்தார்.

எந்திரத்தின் கொள்ளளவு 954 கன சென்டிமீட்டர். திறன் ஒரு குதிரைத் திறனுக்கும் குறைவு. உச்ச வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர். அதைக் கிளப்ப, வண்டியின் பின்னால் கிடைமட்டமாகப் படுத்திருக்கும் பெரிய சமன்சக்கரத்தைக் கையால் சுழற்ற வேண்டும். சமன்சக்கரத்தைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் சுழற்சி வண்டியைத் திருப்புவதற்குத் தடையாகும் என்று அஞ்சி, அதைப் படுக்க வைத்திருந்தார். அந்த அச்சம் தேவையற்றது என்று பின்னர் தெரிந்தது. நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. ஆகவே எரிபொருளைவிடத் தண்ணீர்தான் அடிக்கடி தேவைப்பட்டது.

ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில், கான்ஸ்டாட்டில், காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாஹும் அதே 1885இல் ஓர் இருசக்கர வண்டியில் எந்திரத்தைப் பொருத்தினார்கள். அடுத்த வருடம் ஒரு குதிரைவண்டியில் பொருத்தினார்கள். அவர்கள் எந்திரத்தைச் செய்து, பிறகு அதற்கான வண்டியைத் தேடினார்கள். பென்ஸ் எந்திரத்தையும் வண்டியையும் ஒன்றாக யோசித்தார். அவ்வகையில் இந்த முச்சக்கர வண்டி தனி இனம்.

முதல் ஓட்டம் பட்டறை முற்றத்தில். அது சுவரில் மோதி முடிந்தது என்பது பென்ஸ் குடும்பத்தின் நினைவு. 1886 ஜூலை 3ஆம் தேதி மான்ஹைமின் சுற்றுச் சாலையில் பொதுமக்கள் காண ஓடியது. உள்ளூர் நாளிதழில் செய்தி வந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் வாங்க எவரும் வரவில்லை. ஓட்டம் நின்றால் தள்ளிக்கொண்டு வர வேண்டியிருக்கும் வண்டிக்கு யார் பணம் கொடுப்பார்? கூட்டாளிகளுக்கு நிலையான எந்திர விற்பனையே போதுமானதாக இருந்தது. கார்ல் தன் வண்டியைத் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் இயல்பு அது. முழுமையாகாத எதையும் கைவிட்டு வெளியே அனுப்ப மனம் வராத மனிதர். ஒரு கண்டுபிடிப்பாளனுக்கு இது நற்குணம். வியாபாரிக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை.

*

1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி, மான்ஹைம் மாவட்ட அலுவலகம் கார்ல் பென்ஸுக்கு வண்டி ஓட்ட எழுத்துபூர்வமான அனுமதி வழங்கியது. அதே மாதத்தில் ஒரு விடியற்காலையில், கணவர் எழும் முன்பாக, பெர்த்தா தன் மகன்கள் ஓய்கன், ரிச்சர்ட் இருவருடன் வண்டியை எடுத்துக்கொண்டு ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். ஓய்கனுக்கு 15 வயது, ரிச்சர்டுக்கு 13. தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதற்கு முன் அந்த வண்டியோ வேறெந்த மோட்டார் வண்டியோ இத்தனை தூரம் போனதில்லை.

மூன்று சக்கரம் என்பதன் பொருள் நகரத்தைத் தாண்டியதும்தான் புரியும். அன்றைய நாட்டுப்புறச் சாலை என்பது குதிரைவண்டிகள் அரைத்து உண்டாக்கிய இரண்டு தடங்கள். பின் சக்கரங்கள் தடத்தில் ஓடினால், முன் சக்கரம் குளம்புகள் கிளறிய நடுமேட்டில் ஓட வேண்டும். கல்லும் சாணமும் பள்ளமும் அதற்குத்தான். திசைமாற்றும் சக்கரமும் அதுவே. ஆகவே ஒவ்வொரு அதிர்வும் நேராகக் கைக்கு வரும். ஹைடல்பர்க் வரை சமவெளி. பிறகு மேடுகள்.

எரிபொருளுக்கென்று பெரிய கலன் கிடையாது. எரிகலவைக் கலத்தில் கொள்ளும் சில லிட்டர்தான். அது தீர்ந்தபோது வீஸ்லோஹ் ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கினார்கள். கறை நீக்கப் பயன்படும் பெட்ரோலிய வடிநீர் அது. உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்தக் கடையை இன்று சொல்லிக்கொள்கிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்தபோது பெர்த்தா தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்பொறிக் கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். இழுபட்ட சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சரிசெய்தார். தண்ணீருக்காக ஓடைகளிலும் சத்திரங்களிலும் நின்றார்கள். ஏற்றங்களில் எந்திரத்தின் வலு போதாமல் இறங்கித் தள்ளினார்கள். இறக்கங்களில் மரக்கட்டைப் பிரேக்குகள் தேய்ந்தன. பௌஷ்லாட் கிராமத்தில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் அந்தக் கட்டைகளின்மீது தோல் பொருத்தித் தரச் சொன்னார் பெர்த்தா. இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் வந்து சேர்ந்து, கணவருக்குத் தந்தி அனுப்பினார். சில நாட்களுக்குப் பிறகு வேறொரு வழியாகத் திரும்பினார்கள்.

பயணத்தின் விளைவாக வண்டியில் ஏற்றங்களுக்கான கூடுதல் பல்சக்கர அமைப்பு சேர்க்கப்பட்டது. அந்தச் செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் வண்டி தங்கப் பதக்கம் பெற்றது. பென்ஸ் எந்திரங்களின் பாரிஸ் முகவரான எமில் ரோஜே முச்சக்கர வண்டிகளை ஃபிரான்சில் விற்கத் தொடங்கினார். ஆனாலும் இந்த முச்சக்கர வடிவில் செய்யப்பட்டவை இருபத்தைந்து வண்டிகள் அளவில்தான். பெரிய விற்பனை 1894இல் அறிமுகமான 'வேலோ' என்னும் நான்கு சக்கர வண்டியோடு வந்தது. 1899இல் பென்ஸ் நிறுவனம் 572 வாகனங்களைச் செய்து, உலகின் மிகப்பெரிய மோட்டார் வாகன நிறுவனமாக இருந்தது.

*

இந்தக் கதை இன்று நன்கு அறியப்பட்டது. விளம்பரப் படங்களிலும் சிறுவர் நூல்களிலும் வருகிறது. 2008இல் அந்தப் பயணப் பாதைக்கே பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று பெயரிட்டு அறிவித்தார்கள். ஆனால் கதை பரவிய விதத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லோருக்கும் நினைவில் நிற்பவை தொப்பி ஊசியும் காலுறைப் பட்டியும். பெண்ணின் உடைமைகள் எந்திரத்துக்கு உதவின என்ற வியப்பே கதையின் சுவையாகிவிட்டது. கெட்டிக்காரியான ஒரு வீட்டுத் தலைவி, அசட்டுத் துணிச்சலில் செய்த சாகசமாக அது சுருங்கிவிடுகிறது.

ஊசியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பார்த்தால் தெரிவது வேறு. குழாயில் அடைப்பு எங்கே இருக்கும் என்று ஊகிக்க அந்த எந்திரத்தை அறிந்திருக்க வேண்டும். பிரேக் கட்டையின் தேய்மானத்துக்குத் தோல் ஏற்ற பொருள் என்று முடிவு செய்வது ஒரு பொறியியல் தீர்மானம். அதற்கும் மேலாக, வண்டிக்கு இனித் தேவை திருத்தமல்ல, சாலை என்று உணர்ந்தது. கார்லால் காண முடியாதது அதுதான். முற்றத்துக்குள்ளேயே மேம்படுத்தப்பட்டுக்கொண்டிருக்கும் வண்டி ஒருநாளும் விற்பனைக்கு வராது. இதைக் கண்டவர், பதினேழு வருடங்களுக்கு முன் தன் பணத்தைப் போட்டவர். சட்டம் அந்த முதலீட்டை மறந்திருக்கலாம். போட்டவர் மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இதனால் கண்டுபிடித்தவர் பெர்த்தாதான் என்று தலைகீழாக எழுதப் புறப்படுவதும் நியாயமல்ல. எந்திரத்தின் வடிவமும் கணக்கும் கார்லுடையவை. அவர் தன் நினைவுக் குறிப்புகளில் மனைவியின் துணையை மறைக்கவும் இல்லை, மனமுவந்து எழுதியிருக்கிறார். சிக்கல் தனிமனிதரிடம் இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யும் உழைப்பை எழுத அன்றைய ஆவணங்களில் இடம் இல்லை. காப்புரிமையில், பங்குப் பத்திரத்தில், ஓட்டுநர் அனுமதியில் ஒற்றைப் பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. வரலாற்றை ஆவணங்களைக் கொண்டு எழுதும்போது, அந்தக் கட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் கதைகளாகிறார்கள். கதைகளில் அவர்கள் கையில் ஒரு தொப்பி ஊசி கொடுக்கப்படுகிறது.

கார்ல் பென்ஸுக்கு அவர் படித்த கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பக் கல்லூரி 1914இல், அவருடைய எழுபதாவது வயதில், கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. 1929 ஏப்ரலில் லாடன்புர்க் நகரில் அவர் காலமானார். அதே கல்லூரி பெர்த்தா பென்ஸையும் கௌரவித்தது. கௌரவ செனட்டர் என்ற தகுதியை அவருக்கு அளித்த நாள் 1944ஆம் ஆண்டு மே 3, அவருடைய 95ஆவது பிறந்தநாள். நாடு போரில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு நாட்களுக்குப் பிறகு, மே 5ஆம் தேதி, லாடன்புர்க் வீட்டில் அவர் இறந்தார்.

முதல் முச்சக்கர வண்டி மியூனிக்கில் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1906இல் அங்கே கொடுக்கப்பட்டது. பார்க்கப் போகிறவர்கள் பின்னாலிருக்கும் சமன்சக்கரத்தை உற்றுப் பார்ப்பார்கள். அதற்கு முன்னாலிருக்கும் இருக்கையையும் பார்க்க வேண்டும். அது இருவருக்கானது.